அரைக்கட்டை

கோடுகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

சுழலும் தட்டின்மேல் மெக்கானிக் பெண் ஒரு காகித வட்டத்தை வைத்திருந்தாள். அதைச் சுற்றி நெருக்கமாகக் கறுப்புக் கோடுகள். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால் அவை அசையாமல் நிற்பதுபோலத் தெரியவேண்டுமாம். அப்படித் தெரிந்தால்தான் ரெகார்டு பிளேயர் சரியான வேகத்தில் சுற்றுகிறது என்று அர்த்தம்.

இவையோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தன.

"வேகமா ஓடுது சார். வேகம் கூடினா சுருதியும் கூடும், பாட்டு அரைக்கட்டை ஏறித்தான் கேக்கும்," என்றாள் அவள். "யாரோ வேற மெஷின் புல்லியைக் கொண்டுவந்து மோட்டார்ல மாட்டியிருக்காங்க."

அந்த யாரோ, எதிரில் நின்றிருந்த ரெகார்டு சாரேதான். ஆபீஸில் அவருக்கு அதுதான் பெயர். வைத்தவர்கள் கிண்டலாக வைத்தார்கள், அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

"அப்படியா?" என்று மட்டும் கேட்டுவைத்தார்.

கல்யாணமான புதிதில், பழைய சாமான் கடையில் தூசி படிந்து கிடந்த மூன்று பிளேயர்களைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, அதில் ஒன்றைப் பொறுக்கியெடுத்தார். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு மல்லுக்கட்டினார். பெல்ட், ஊசி, வயர் எல்லாம் மாற்றினார். மோட்டாரின் முனையில் பெல்ட்டைச் சுற்றவைக்கும் சின்னச் சக்கரமான புல்லி விரிசல் விட்டிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பழைய டேப்ரெகார்டரிலிருந்து கழற்றிய பித்தளைப் புல்லியை மாட்டினார்.

மயிரிழை பெரிதுதான். அதனால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று நினைத்தார்.

அது ஓடிய அன்றைக்கு அவரைக் கையில் பிடிக்கமுடியவில்லை. அப்புறம் அந்தப் பித்தளைப் புல்லியின் கதையைக் கேட்காமல் அவர் வீட்டு வாசலைத் தாண்டிப் போன விருந்தாளி ஒருவருமில்லை.

மனைவி அப்போது புல்லாங்குழல் வாசிப்பாள். நன்றாகவே வாசிப்பாள்.

ஒருநாள் ஆபீஸ் நண்பர்கள் கூடியிருந்தார்கள். ரெகார்டோடு சேர்ந்து வாசி என்று அவளை உட்காரவைத்தார். பாட்டு அவளுக்கு மனப்பாடம். ஆனால் குழல் ஓரிடத்தில்கூடப் பாட்டோடு ஒட்டவில்லை. மூன்று தடவை வாசித்தாள். மூன்று தடவையும் பல்லில் மணல் அகப்பட்டதுபோல் இருந்தது. அவள் குழலை இறக்கி, ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பாடினவங்க தப்பாப் பாடிட்டாங்களாக்கும்! உனக்கு மூச்சு பத்தலைம்மா," என்று இவர் முந்திக்கொண்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால், அந்தச் சிரிப்பு அவருக்கு இனிக்கவும் செய்தது.

அவள் குழலைத் துடைத்து, துணியில் சுற்றி, அலமாரிமேல் வைத்தாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. நடுவில் ஓரிரு தடவை, ஏன் வாசிப்பதே இல்லை என்று இவரே பெருந்தன்மையாகக் கேட்டிருக்கிறார். மூச்சு பத்தவில்லை என்பாள், செய்கிற வேலையிலிருந்து நிமிராமல்.

மெக்கானிக் பெண் இப்போது பித்தளைப் புல்லியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சரியான அளவில் ஒன்றை மாட்டினாள். கோடுகள் ஆணியடித்தாற்போல் நின்றன. சோதித்துப் பார்க்க அவர் கொண்டுவந்திருந்த ரெகார்டைப் போட்டு ஊசியை வைத்தாள்.

அன்றைக்கு மனைவி வாசித்த அதே பாட்டு. அரைக்கட்டை இறங்கி, பதற்றமில்லாமல் வந்தது. அவள் குழல் மூன்று தடவையும் வந்து நின்ற இடம் இதுதான். அவருடைய காது இப்போதுதான் அதைக் கண்டுகொண்டது.

முகம் சுட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடையில் வரிசையாகக் கிடந்த மிக்ஸிகளும் மின்விசிறிகளும்கூடத் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது.

ஊருக்குப் போயிருந்த மனைவி சாயங்காலம் வந்துவிடுவாள். இதைப் போட்டால் முதல் வரியிலேயே அவளுக்கு விளங்கிவிடும். அப்புறம் மன்னிப்புக் கேட்கவேண்டும். இருபத்திரண்டு வருஷத்துக்கு எப்படிக் கேட்பது? அதற்கு இது தப்பாகவே ஓடிக்கொண்டிருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"பழைய புல்லியையே மாட்டிடும்மா. வீட்ல அந்த ஸ்பீடுலதான் கேட்டுப் பழக்கம்."

மெக்கானிக் பெண் ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"உங்க வீட்டு அக்காவும் இதையேதான் சொல்வாங்க சார். ஒன்பது வருஷமா ஊசி மாத்த அவங்கதானே கொண்டு வராங்க? ஒவ்வொரு தடவையும், 'மத்ததெல்லாம் பாரு, புல்லியை மட்டும் தொட்டுடாதே, அவரு ஆசையா மாட்டினது, தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடுவாரு'ன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. இந்தத் தடவை நீங்களே வந்தீங்க. அதான் யாரு மாட்டினதுன்னு தெரியாத மாதிரி காட்டிடலாம்னு பாத்தேன்."

பாட்டு முடிந்து, ஊசி கடைசி வட்டத்தில் வெறுமனே உரசிக்கொண்டிருந்தது. எதை மாட்டட்டும் என்று அவள் இரண்டு தடவை கேட்டாள்.

பித்தளைப் புல்லியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நின்றவருக்கு, வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.