தந்தியில் வந்த வியாதி

"எனக்கு என்ன வியாதி? உங்க வாயாலேயே சொல்லுங்க, நோன்னா ஸாவெல்யெவ்னா!"

அர்சேனி லுகிச் கையிலிருந்த துணிப்பையை மேஜைமேல் கவிழ்த்தார். மாத்திரைப் புட்டிகள் கடகடவென்று உருண்டன. ஒன்று நோன்னாவின் தேநீர்க் கண்ணாடிக் குவளையில் இடித்து நின்றது.

சோவியத் கலைஞர்களை வெளிநாட்டுக் கச்சேரிகளுக்கு அனுப்பும் மாஸ்கோ அலுவலகம் அது. அனுப்பாமல் இருப்பதும் அதே அலுவலகத்தின் வேலைதான். வெளிநாட்டு அழைப்புகளுக்குப் பதில் தந்தி எழுதும் பிரிவில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் நோன்னா. அர்சேனியோ நாடறிந்த பியானோ கலைஞர். நாட்டைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்ததில்லை.

"முதல்ல உட்காருங்க, அர்சேனி லுகிச்."

"உட்கார வரல! ஆம்ஸ்டர்டாம் இசைக்குழுத் தலைவர் நேத்து இங்க வந்திருந்தாரு. என்னைப் பார்த்ததும் செத்தவன் எழுந்து வந்த மாதிரி கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. 'கல்லீரல் இப்ப எப்படி இருக்கு?'ன்னு கண்கலங்கக் கேக்கறாரு. யாரோட கல்லீரல்? என்னோடது! இந்த மாத்திரையெல்லாம் எனக்காக அங்கேருந்து சுமந்துக்கிட்டு வந்திருக்காரு!"

"நல்ல மனுஷன்" என்றாள் நோன்னா.

அர்சேனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆறு வருஷமா அந்த நல்ல மனுஷன் என்னைக் கூப்பிடறாரு. ஆறு வருஷமா நீங்க தந்தி அடிக்கறீங்க. முதல் வருஷம் நிமோனியா. அடுத்தது கை முறிவு. அப்புறம் காமாலை, முதுகுவலி, நரம்புத் தளர்ச்சி, போன வருஷம் கல்லீரல்! எனக்கு நிமோனியான்னு நீங்க எழுதின வாரம் நான் எங்க இருந்தேன் தெரியுமா? சைபீரியாவுல! மைனஸ் முப்பத்தஞ்சு டிகிரியில, ரயில்வே தொழிலாளர் மன்றத்துல, மூணு கட்டை பேசாத பியானோவை வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் வாசிச்சேன். ஒரு தும்மல்கூட வரல!"

"கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்."

"எதுக்கு மெதுவா? நான்தான் நோயாளியாச்சே! ஜன்னி கண்டு உளர்றேன்னு அதையும் தந்தியில எழுதிக்குங்க!"

பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. நோன்னா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆத்திரம் கூடியது.

"என் அண்ணன் அமெரிக்காவுக்குப் போனவன் அங்கேயே தங்கிட்டான். அது என் குத்தமா? 'இவனும் ஓடிடுவான், அனுப்ப மாட்டோம்'னு உள்ளதை உள்ளபடி எழுத வேண்டியதுதானே?"

"அப்படியெல்லாம் எழுத முடியாது."

"பொய்யை மட்டும் வருஷம் தவறாம எழுத முடியுதா?" அர்சேனி தன் இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே விரித்தார். "பாருங்க, நல்லாப் பாருங்க. எனக்கு நாப்பத்தேழு வயசு. இந்த விரல் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்? அந்த ஊர்ல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாசிச்சுட்டேன்னா போதும், நான் யாருன்னு உலகத்துக்குத் தெரியும். உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது? உங்க விரலுக்குத் தெரிஞ்ச ஒரே பியானோ அந்த டைப்ரைட்டர்தான்!"

நோன்னா உருண்டு கிடந்த புட்டிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள்.

அர்சேனி கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து அவள் முன்னால் ஆட்டினார்.

"நாளைக்குக் காலைல அமைச்சகத்துக்குப் போறேன். ஆறு வியாதியும் வரிசையா இந்த மனுவுல எழுதியிருக்கேன். எழுதினது யாருன்னு உங்க பேரும் இருக்கு. இனிமே என் பேர்ல ஒரு தலைவலிகூட வெளிநாட்டுக்குப் போகக்கூடாது!"

"போதும்!"

மேஜையைத் தட்டியது நோன்னா. அர்சேனியே ஒரு அடி பின்வாங்கிவிட்டார். அவளுக்குக் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

"தாராளமாக் கொடுங்க. ஆறு தடவை துணிஞ்சு எழுதினவ நான், எனக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!"

இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை உருவி அவர் கையில் திணித்தாள். மேலிடத்து முத்திரை போட்ட உத்தரவு. முதல் வருஷத்து நிமோனியாத் தந்திக்கு ஒரு வாரம் முந்தைய தேதி.

'அர்சேனி லுகிச்சுக்கு வரும் வெளிநாட்டு அழைப்புகள் அனைத்துக்கும், அவர் மேடையிலிருந்து நிரந்தரமாக ஓய்வு பெற்றுவிட்டார் என்றே பதில் அனுப்பவும். மறுபடி அழைக்க இடம் தரக்கூடாது.'

அர்சேனி அதை இரண்டு தடவை படித்தார். மனுவைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது.

"ஓய்வு வாங்கினவரை அத்தோட மறந்துடுவாங்க. உடம்பு முடியாதவரை அடுத்த வருஷமும் கூப்பிடுவாங்க" என்ற நோன்னா, கோபம் தணியாமலே டைப்ரைட்டரில் புதுத் தாளைச் செருகினாள். "ஏழாவது அழைப்பு இன்னைக்குக் காலைல வந்தாச்சு. சீக்கிரம் சொல்லுங்க, இந்த வருஷம் என்ன வியாதி?"