லில்லியன் வீட்டு விரிப்பு

"அவினோ, உன் டிவிக்கு என்ன குளிர் ஜுரமா? இப்படிப் போர்த்தி வெச்சிருக்கே?"

பெர்பெத்துவா கேட்டதும் மாதர் சங்கம் மொத்தமும் சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தெருப் பெண்கள் எல்லாரும் யாராவது ஒருத்தர் வீட்டில் கூடி டீ குடிப்பது கென்யாவின் ஏரிக்கரை ஊரான கிசுமுவில் வழக்கம். அன்று அவினோவின் முறை.

அவினோ வீட்டில் துணி போர்த்தாத பொருளே கிடையாது. சோபாவின் முதுகுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. பிளாஸ்குக்குச் சட்டை. மேஜைக்குக் கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு, ஓரமெல்லாம் நீலப் பூ. அத்தனையும் அவள் கையால் பின்னிய குரோஷா.

"இந்தக் காலத்துல யாருடி இதெல்லாம் விரிக்கிறா? இங்க டீ குடிக்கவே பயமா இருக்கு. ஒரு சொட்டு விழுந்தா, துணியோட சேர்த்து நம்மளையும் ஊற வெச்சிடுவா!"

மறுபடி சிரிப்பு. அவினோவும் சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் சுருக்கென்றது.

பெர்பெத்துவாவுக்கு வாய் நீளம். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலிருந்து கொல்லை வரை ஏதாவது சொல்லாமல் திரும்ப மாட்டாள்.

"அடுத்த வாரம் யார் வீடு?"

"லில்லியன் வீடு!"

எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த சின்னப் பெண். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க" என்றாள். குரல் பாதிதான் வந்தது.

புதன்கிழமை மத்தியானம் அவள் அவினோ வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா. எங்க வீட்ல நாற்காலி, மேஜை எதுவும் கிடையாது. ஊர்லேர்ந்து ஒரு மெத்தையும் அடுப்பும்தான் கொண்டு வந்தோம்."

"அதனால என்ன? பாய் போடு, உக்காருவோம்."

"எல்லார் வீட்லயும் சோபா இருக்கே அக்கா. எங்க வீட்ல மட்டும்..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலி சோடாப் பெட்டி கிடைச்சிருக்கு. கவுத்துப் போட்டா உக்காரலாம். ரெண்டு பெட்டி மேல பலகை வெச்சா மேஜை. ஆனா மேல விரிக்கத்தான்..."

அவினோ முடிக்கவிடவில்லை. சோபாத் துணிகளை உருவினாள். டிவித் துணியை எடுத்தாள். மேஜை விரிப்பை உதறி மடித்தாள். பிளாஸ்கின் சட்டையைக் கூடக் கழற்றினாள்.

"ஐயோ அக்கா, உங்க வீடு மொட்டையா நிக்குதே!"

"நிக்கட்டும். கொஞ்ச நாள் காத்து வாங்கட்டும்."

லில்லியன் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டபோது, அவினோ தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும். முக்கியமா பெர்பெத்துவா காதுக்குப் போகக் கூடாது. தெரிஞ்சா ஏரிக்கு அந்தக் கரையில இருக்கறவங்களுக்கும் கேக்குற மாதிரி சிரிப்பா."

லில்லியன் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை.

"அடேயப்பா! வீடா இது, கல்யாணப் பந்தலா?" முதலில் நுழைந்தவள் வாயைப் பிளந்தாள்.

நிஜமாகவே அழகாக இருந்தது. சுவரோரம் வரிசையாக வெள்ளை இருக்கைகள். நடுவில் நீலப் பூ விரிப்பு. அதன்மேல் தட்டு நிறைய, எண்ணெயில் சுடச்சுடப் பொரித்த மந்தாசி ரொட்டி.

அப்போதுதான் அவினோவுக்கு உறைத்தது. இந்தத் துணிகளில் பெர்பெத்துவா கேலி செய்யாத துணி ஒன்றுகூட இல்லை. பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவாளே!

பெர்பெத்துவா கடைசியாக வந்தாள். நின்றாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விரிப்பின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு தன் கனத்த உடம்பை ஒரு இருக்கையில் இறக்கினாள்.

'மடக்!'

பெட்டி போட்ட சத்தத்தில் பேச்செல்லாம் நின்றது. டீ ஊற்றிக்கொண்டிருந்த லில்லியனின் கையும் நின்றது.

"லில்லியன்."

"அக்கா?"

"இதெல்லாம் யார் பின்னினது?"

அவினோ கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொல்ல வேண்டாம், விடு. கைத்திறமை உள்ளவங்க ரகசியத்தை வெளியில விடமாட்டாங்க" என்றாள் பெர்பெத்துவா. "ஏ அவினோ! நல்லாப் பாத்துக்கோ. துணி விரிக்கிறதுன்னா இப்படி விரிக்கணும். நீயும்தான் விரிக்கிறியே, வண்ணான் மூட்டையை அவுத்துப் போட்ட மாதிரி!"

வீடே அதிர்ந்தது சிரிப்பில். லில்லியனும் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

பிறகென்ன, டீ மூன்று சுற்று ஓடியது. மந்தாசித் தட்டு இரண்டு தடவை நிரம்பிக் காலியானது. குழந்தை மடி மடியாகத் தாவியது. யாரோ பாட்டை ஆரம்பிக்க, மற்றவர்கள் கைதட்டினார்கள். சாயங்காலம் வரை ஒருத்திக்கும் எழுந்து போக மனசு வரவில்லை.

பெர்பெத்துவாவோடு திரும்பி வரும் வழியில் அவினோவால் அடக்க முடியவில்லை.

"அக்கா, அந்த நீலப் பூ விரிப்பை நீங்க இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"வருஷக்கணக்கா அதைத் திட்டுறவடி நான். எனக்கா தெரியாது?"

அவினோ நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"அப்போ... தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"அந்தச் சோடாப் பெட்டியெல்லாம் யார் கடையிலேர்ந்து போச்சுன்னு நினைக்கிறே? எங்க வீட்டுக்காரர் கடை. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு வந்து நின்னா. இருக்கிற பெட்டியைக் கொடுத்துட்டேன். அதுக்கு மேல போர்த்த என் வீட்ல ஒரு முழத் துணி கிடையாதே!"

பெர்பெத்துவா தலைத்துணியை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கேட்டா இல்லைன்னு சொல்லத் தெரியாதவ, கொடுத்தா வெளியில சொல்லத் தெரியாதவ ஒருத்தி இருக்கா, அவகிட்ட போன்னு உன் வீட்டைக் கைகாட்டினதே நான்தான்."