கரகரப்புப் பெட்டி

டெஸ் லம்ப் வலது காலைத் தூக்கிவிட்டார்.

கால் இறங்க வேண்டிய இடத்தில், முன்னறைக் கம்பளத்தின் மேல், அந்தச் சாம்பல் நிற ஃபஸ் பெடல் உட்கார்ந்திருந்தது. கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே வைத்து மிதித்தால், ஒழுங்கான சுரத்தைக் கிழித்துக் கரகரவென்று உறுமவைக்கும் பெட்டி. அறுபத்தாறாம் வருடத்துச் சரக்கு. பார்ன்ஸ்லி ஊரிலேயே இன்னொருவரிடம் கிடையாது என்பது கிளிஃபர்ட் ஓல்ட்ராய்டின் பெருமை.

கிளிஃபர்ட் மாடிப்படியின் கடைசிப் படியில் உறைந்து நின்றார். அவர் கழிவறைக்குப் போன இரண்டு நிமிடத்தில், பழைய நண்பர் அலமாரியிலிருந்து பெடலை இறக்கி வயரையும் மாட்டிவிட்டார்.

"டேய் டெஸ், வேணாம்டா! வெயில் அடிக்குது. அதுக்கு வெயில் ஆகாது!"

"போன தடவை வந்தப்போ குளிர் ஆகாதுன்னே. இது பெடலாடா, இல்ல உன் மாமியாரா?"

இருவரும் இளவயதில் ஒரே இசைக்குழுவில் வாசித்தவர்கள். டெஸ் ஸ்பெயினுக்குக் குடிபோன பிறகு, ஊருக்கு வரும் போதெல்லாம் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்க வேண்டும் என்பார். கிளிஃபர்ட் மிதிக்க விட்டதில்லை. இத்தனை வருடமாகத் தானும் மிதித்ததில்லை. உள்ளே இருப்பவை அந்தக் காலத்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், பச்சைக் குழந்தை மாதிரி, என்பார்.

சோபாவின் நுனியில் அவர் மனைவி ஹிலரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கம்பளத்தின் மேல் இருந்தது அந்தப் பெடல் அல்ல என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முன்னறைக்குச் சுவர்த்தாள் ஒட்டுவதற்காக அலமாரிப் பொருள்களை அட்டைப்பெட்டியில் போட்டவள் அவள். உடைந்த கெட்டிலும் பழைய இஸ்திரிப்பெட்டியும் இருந்த இன்னொரு அட்டைப்பெட்டிக்குப் பதிலாக, இதைக் குப்பைக்கிடங்கில் கொட்டியவளும் அவளே. திரும்ப ஓடியபோது நசுக்கும் இயந்திரம் வேலையை முடித்திருந்தது.

ஹிலரி அழவில்லை. இருபத்தாறு வருடம் தொலைக்காட்சிப் பெட்டித் தொழிற்சாலையில் பாகங்களைப் பற்றவைத்த கை அவளுடையது.

கிளிஃபர்ட் புல்வெளியில் பந்து உருட்டி விளையாடப் போகும் செவ்வாயும் வெள்ளியும் நிலவறைக்கு இறங்கினாள். பல்கேரியாவில் யாரோ ஒருவரிடமிருந்து டிரான்சிஸ்டர்கள் வரவழைத்தாள். குழுவின் பழைய ஒலிநாடாவை ஓடவிட்டு ஒவ்வொரு ஜோடியாக மாட்டிப் பார்த்தாள். முதல் ஜோடி கொசு மாதிரிப் பாடியது. ஆறாவது ஜோடி ஏப்பம் விட்டது. பதினேழாவதுதான் உறுமியது.

அவள் செய்த வெளிப்பெட்டி புதிதாக மினுமினுத்தது. அதைக் கயிற்றில் கட்டிப் பின்சந்துக் கல்தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"என்ன ஹிலரி, நாய்க்குட்டியை வெளிய கூட்டிட்டுப் போறியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஆமாம். இன்னும் பழக்கணும்," என்றாள் ஹிலரி, நிற்காமல்.

பழைய புகைப்படத்தில் பெடலின் மூலையில் ஒரு சிகரெட் சூடு தெரிந்தது. புகையை விட்டுப் பத்து வருடம் ஆன ஹிலரி, அதற்காக ஒரு பாக்கெட் வாங்கினாள். சூடு வைக்க ஒன்றே போதும். மீதிப் பத்தொன்பதும் வீணாகவில்லை.

அத்தனை சிறிய அறைக்குச் சுவர்த்தாள் ஒட்ட ஒன்பது வாரம். தேநீர் இரண்டு நிமிடம் தாமதமானால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் மனிதர், "என் பெடல் எங்கே" என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்திருந்தாள்.

டெஸ்ஸின் கால் இறங்கியது.

கிட்டார்த் தந்தியை ஓங்கி ஒரு இழு இழுத்தார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தட்டில் பால் கிண்ணம் நகர்ந்தது. புதுச் சுவர்த்தாளுக்குப் பின்னால் எதுவோ பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதேதான்டா!" டெஸ்ஸின் கண்கள் கலங்கிவிட்டன. "இதே குரல்! நமக்கு இருபது வயசுடா கிளிஃப்!"

ஹிலரி பிடித்திருந்த மூச்சை விட்டாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

கிளிஃபர்ட் படியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

கண்டுபிடித்துவிட்டார், என்று நினைத்தாள். சொந்தப் பெடலின் குரல் அவருக்குத் தெரியாதா? டெஸ்ஸை ஏமாற்றலாம், அந்தக் காதை ஏமாற்ற முடியுமா? போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவுசெய்தாள்.

"கிளிஃப், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீ..." அவர் குரல் அடங்கியிருந்தது. "நீ அதைத் திறந்து பாத்தியா?"

"ஐயோ, இல்லையே! மேல தூசி மட்டும்தான் தட்டுனேன்," என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் பெடலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"நல்லா... நல்லாத்தான் தட்டியிருக்கே," என்றார்.

டெஸ் மறுபடியும் மிதித்தார். கிளிஃபர்ட் படிக்கட்டுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். முப்பத்தோரு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹிலரி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, சுத்தம் செய்கிறேன் என்று பெடலைத் திறந்து உள்ளே இருந்த அத்தனையையும் பற்றவைக்கும் கோலால் பொசுக்கியவர் அவர். கருகியதை வழித்தெறிந்துவிட்டு, எடை குறையாமலிருக்க ஒரு கூழாங்கல்லைக் காலுறையில் சுற்றி உள்ளே வைத்துத் திருகாணிகளை முடுக்கியிருந்தார்.

அவர் அறிந்தவரை, முன்னறையில் இப்போது உறுமிக்கொண்டிருப்பது அந்தக் கூழாங்கல்தான்.