வேட்டுக்கு முந்தைய மூச்சு

எங்கள் வீடியோ கேமில் வருபவை நிஜத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பதிவுசெய்த ஓசைகள். முன்பு அந்த வேலையை என் மனைவி பார்த்தாள். இளைப்புக்காரி. போன வருடம் இறந்துவிட்டாள்.

புது ரைஃபிளை நான் தனியாகப் போய்ப் பதிவுசெய்தேன். பதிவில் ஒவ்வொரு வேட்டுக்கும் முன்னால் அவளுடைய இழுத்த மூச்சு கேட்டது.

கேமைச் சோதிக்கும் பெண் சிரித்தாள். "என்னண்ணே, சுடுறவனுக்கு ஆஸ்துமாவா? நாளைக்கு ரிலீஸு, எடுத்து விட்டுடுங்க."

"சரிம்மா."

மூச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாமா என்று கை தயங்கியது. பிறகு அதையும் அழித்தேன். துப்பாக்கி சுத்தமாக வெடித்தது.

வீட்டுக்கு வந்து படுத்தேன். அவள் இறந்த பிறகும் தினமும் பக்கத்துத் தலையணையிலிருந்து வந்துகொண்டிருந்த மூச்சு அன்று வரவில்லை.