விதைக்கு விட்ட காய்

கூரைமேல் சுரைக்கொடி இருந்தது. காயைக் காணவில்லை.

காம்பை யாரோ முறுக்கிப் பறித்திருந்தார்கள். முறிந்த இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை.

லோகநாயகி கொல்லையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்தாறாம் வருஷப் புயலில் வெள்ளாற்றுத் தண்ணீர் கொல்லைக்குள் புகுந்து கத்தரி, வெண்டை, அவரை எல்லாவற்றையும் வேரோடு கொண்டுபோயிற்று. சாம்பல் புரட்டிப் பானையில் வைத்திருந்த விதைகளும் நனைந்து அழுகின. கூரைமேல் ஏறிய இந்தக் கொடி மட்டும் எப்படியோ தப்பியது. அதில் ஒரே ஒரு காய்.

அதை முற்றவிட்டு ஆடியில் விதை ஊன்ற வேண்டும். சேத்தியாத்தோப்புச் சந்தையில் அவள் காய் விற்றுவந்தால்தான் வீட்டில் உலை.

ரேஷன் கடையில் சோளம்கூடக் கிடைக்காத வாரத்தில், “அதப் பறிச்சிக் கொழம்பு வச்சா என்ன?” என்று புருஷன் பூவராகன் கேட்டான். அன்றைக்கும் அவள் கொடியில் கை வைக்கவில்லை. இருவரும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

லோகநாயகி கொல்லையிலிருந்து தெருவுக்கு வந்தாள். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

“எஞ் செடியில கைய வச்சவ எவடி? அதத் தின்ன வாயில மண்ணு விழ!”

தூற்றினாள். எட்டிப் பார்த்தவர்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

மறுபடியும் அள்ளக் குனிந்தபோது பக்கத்து வீட்டுப் படலைத் திறந்துகொண்டு பொன்னி வந்தாள். அவள் புருஷன் காசிநாதன் பண்ருட்டிக்கு லாரியில் மூட்டை ஏற்றப் போனவன், இன்னும் ஊர் திரும்பவில்லை. மூன்று வயது மகள் அஞ்சலை வயிற்றோட்டத்தில் கிடப்பது தெருவுக்கே தெரியும்.

பொன்னியின் கையில் ஒரு கொட்டாங்கச்சி. அதில் சுரை விதைகள். நன்றாக அலசி, சாம்பல் புரட்டியிருந்தாள்.

“வெதையில ஒண்ணுகூடக் கொறையலக்கா. புள்ளைக்குன்னு சதைய மட்டுந்தான் எடுத்தேன்.”

லோகநாயகி கொட்டாங்கச்சியைப் பிடுங்கினாள். ஒரு விதையை எடுத்து நகத்தால் அழுத்தினாள். நசுங்கியது. உள்ளே பருப்பு பிடிக்கவே இல்லை.

“பிஞ்சு வெதடி இது! ஒண்ணும் மொளைக்காது. இன்னும் ஒரு மாசம் கொடியில கெடந்திருக்கணும். மொத்தத்தையும் நாசம் பண்ணிட்டியேடி!”

பொன்னி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அழவும் இல்லை. அந்த நிற்பு லோகநாயகிக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“என்னாடி மரம் மாதிரி நிக்கிற? தின்னுச்சா ஒம் புள்ள? வயிறு ரொம்பிச்சா?”

பொன்னி திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். கூரை இடுக்கில் புகை கசிந்தது. சுரைக்காய் வேகும் வாசம் தெருவரைக்கும் வந்தது.

“அடுப்புல கெடக்குதுக்கா,” என்றாள். “இன்னும் எறக்கல. யாருக்கு எறக்குறது?”

லோகநாயகிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

பொன்னி கொட்டாங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ மூச்சு அடங்கனப்புறம் ஒக்காந்துதான் வெதைய அலசுனேன்க்கா. ஒங்களுதாச்சும் மொளைக்கட்டும்னு.”