தட்டுதா, இருமுதா?

"சத்தம் எப்படி வருது, மாப்பிள்ளை?"

மேட்டில் ஏறிக்கொண்டிருந்த கார் மறுபடி ஒரு முறை உதறியது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவன் பல் டாக்டர். கேட்டவர் பக்கத்து ஸீட்டிலிருந்த மாமனார். காரும் அவருடையது.

"எந்தச் சத்தம் மாமா?" என்றான், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வண்டிய ஓரங்கட்டுங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

ஓரங்கட்டினான்.

மாமனார் சாதாரண ஆளில்லை. சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். தெருவில் போகும் வண்டிக்கு என்ன வியாதி என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்லக்கூடிய காது அவருடையது என்று ஊரே பேசும். அவருடைய மூத்த மாப்பிள்ளை, அதாவது இவனுடைய சகலை, இதே காரின் கதவை ஒருமுறை ஓங்கிச் சாத்திவிட்டார். அன்றோடு சரி. மாமனார் அவரோடு இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சகலையும் பாவம், வந்தால் நாய்க்குட்டியோடு பேசிவிட்டுப் போகிறார்.

அப்பேர்ப்பட்ட காரின் சாவி முந்தாநாள்தான் இவன் கைக்கு வந்தது. நேற்று பெட்ரோல் பங்குக்குப் போனான். ப்ரீமியம் தீர்ந்துவிட்டது என்றார்கள். எல்லாம் பெட்ரோல்தானே என்று சாதாவை டேங்க் நிறைய நிரப்பிக்கொண்டான். மூடியைத் திருகும்போதுதான் அதன்மேல் மாமனார் சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்ததைப் படித்தான்: 'ப்ரீமியம் மட்டும். மாற்றி ஊற்றினால் நடப்பதே வேறு.'

நடந்துகொண்டிருந்தது. மேடு வந்தாலே எஞ்சினுக்குள் தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குகிற சத்தம். கூடவே திக்கல், உதறல்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. சுத்தியலால தட்டுற மாதிரி இருக்கா, இல்ல, இருமுற மாதிரி இருக்கா?"

மாமனார் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர் வாயைப் பார்த்துப் பிழைப்பவன் அவன். தன் வாயை ஒருவர் இப்படிப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது. சொத்தையைவிடப் பொய் சீக்கிரம் தெரிந்துவிடும்போல் இருந்தது.

ஆனாலும் சொன்னான்.

"தட்டவும் இல்ல, இருமவும் இல்ல மாமா. ஒரு சத்தமும் இல்ல. பூ மாதிரி போகுது."

"உதறுச்சே?"

"அது ரோடு மாமா."

இருவரும் சாலையைப் பார்த்தார்கள். சாலை, துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி இருந்தது.

மாமனாரின் முகம் வெளுத்தது. "சத்தமே இல்லாம மிஸ்ஸிங் ஆகி உதறுதுன்னா உள்ள பெருசா எதுவோ போயிடுச்சு. ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்க. பிரிச்சுரலாம்."

"எதை மாமா?"

"எஞ்சினை."

விடுமுறை நாள். ஒர்க்‌ஷாப்பில் ஈ, காக்கை இல்லை. மாமனார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பானெட்டுக்குள் தலையை விட்டார். ஸ்பார்க் ப்ளக்குகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தன. பிடுங்கிய கடைவாய்ப் பற்களை வரிசையாக வைத்ததுபோல் இருந்தது பல் டாக்டருக்கு.

அடுத்து எஞ்சினின் தலையையே கழற்றப்போகிறார். ஒன்றும் கெடாத எஞ்சின். அதைப் பிரித்துப் போட்டபிறகு உண்மை தெரிந்தால், நாய்க்குட்டிகூட இவனோடு பேசாது.

அவர் முதுகைப் பார்த்துச் சொன்னான். "மாமா, தப்பு என்னோடது. நேத்து சாதா பெட்ரோல் போட்டுட்டேன்."

முதுகு அசையவில்லை. பெரிய ஸ்பானர் முதல் போல்ட்டில் போய் உட்கார்ந்தது.

"தட்டுற சத்தம் நல்லாவே வந்துச்சு மாமா. பயந்துபோய்ப் பொய் சொல்லிட்டேன். ரெண்டு அடி வேணும்னாலும் அடிச்சிடுங்க."

பதில் இல்லை. ஆயிற்று, சகலைக்கு ஜோடி கிடைத்துவிட்டது. ஸ்பானர் கிறீச்சிட்டது.

ஓடிப்போய் எதிர்ப்பக்கம் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். மாமனார் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"சாதா பெட்ரோல் போட்டுட்டேன் மாமா! சுத்தியலால தட்டுற மாதிரியேதான் இருந்துச்சு! பிரிக்காதீங்க!"

மாமனார் அவன் வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு ஸ்பானரை மெல்லக் கீழே வைத்தார்.

"இதை அங்கயே சொல்லியிருக்கலாமே. இந்த எஞ்சினோட அழுத்தத்துக்குச் சாதா பெட்ரோல் தாங்காது. பொறி வர்றதுக்கு முன்னாடியே பத்திக்கும். அதான் தட்டுது, உதறுது. மேட்டுப் பக்கம் போகாம மெதுவா ஓட்டித் தீர்த்துட்டு ப்ரீமியம் போட்டாச் சரியாயிடும்."

திட்டு விழவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மாமனார் அவன் கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

அவர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை.

"வீட்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மாப்பிள்ளை. உங்க அத்தைகிட்டகூட."

"சாதா பெட்ரோல் போட்டதையா? தலையே போனாலும் சொல்லமாட்டேன் மாமா!"

"அதில்ல மாப்பிள்ளை. எனக்குக் காது கேட்டு ஒரு வருஷமாச்சு."