வக்கீல் தாத்தா

"இப்ப திருப்புங்க ஐயா," என்றார் ஓவிய டீச்சர்.

ஆறு வாரமாகத் தலைகீழாகவே தீட்டிவந்த படத்தைப் பெரியவர் இரண்டு கையாலும் தூக்கி நேராக வைத்தார்.

டீச்சரின் முறை அது. பழைய மேதை ஒருவரின் ஓவியத்தை அச்செடுத்து, துண்டுகளாக வெட்டி, வாரம் ஒரு துண்டைத் தலைகீழாகக் கொடுப்பார். மூக்கு என்று தெரிந்துவிட்டால் கை தனக்குப் பழகிய மூக்கைப் போட்டுவிடும். தெரியாவிட்டால்தான் எதிரே இருக்கிற நிழலைப் போடும் என்பார்.

"ஐயா, அது மூஞ்சியா மூட்டையா?" என்று பக்கத்தில் வரையும் பல் டாக்டரம்மா வாரம் தவறாமல் கேட்பாள்.

இப்போது கேன்வாஸிலிருந்து ஒரு முகம் அவரைப் பார்த்தது.

கறுப்பு அங்கி. கழுத்தில் வெள்ளைப் பட்டை. மார்பின் மேல் வைத்த கையில் சற்றே வளைந்த சுண்டுவிரல்.

வக்கீல் தாத்தா.



மூன்று தலைமுறையாக அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படம். தாத்தாவுக்கு அதைத் தவிர ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அந்தப் படம் யாருக்கு என்றுதான் அவரும் தம்பியும் எட்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தபோது அவர் தன் வலது கையை நீட்டி, வளைந்த சுண்டுவிரலைக் காட்டினார்.

"இந்த விரலைப் பாருங்க. அவன் விரலையும் பாருங்க. யாரு தாத்தாவோட வாரிசுன்னு அதுவே சொல்லும்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அண்ணனே வச்சுக்கட்டும் என்றான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பெரியவருக்கே இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்தப் படத்தைத் தன் கையாலேயே தீட்டி மகன் வீட்டிலும் மாட்ட வேண்டும். அதற்குத்தான் இந்த வகுப்பு. அதை அவர் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. வீட்டு விஷயம் வீட்டோடு.

இன்று வாய் கேட்கவில்லை.

"ரத்தம் சும்மா விடுமா? என் கையில எங்க தாத்தா வந்து உக்காந்துட்டாரு."

டாக்டரம்மா சிரித்தாள். டீச்சரும் சிரித்தபடி அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார்.

"நானூறு வருஷத்துக்கு முந்தின தாத்தாவா ஐயா? நீங்க பார்த்து வரைஞ்சது இதான்."

கூடத்துப் படத்தில் இருக்கும் அதே அங்கி. அதே பட்டை. அதே விரல். கீழே, 'பெயர் தெரியாத வணிகர்' என்று அச்சாகியிருந்தது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் பெயர் தெரியாத வணிகர்தான்.

டீச்சர் புத்தகத்தை மூடினார். "போன வருஷம் உங்க ஜாடையிலேயே ஒருத்தர் வந்தாரு ஐயா. வீட்டுல தாத்தா படம் ஒண்ணு இருக்கு, அண்ணன் தர மாட்டேங்கிறாரு, நானே ஒண்ணு வரைஞ்சு வச்சுக்கிறேன்னாரு. அவருக்கும் இதே படம்தான் குடுத்தேன். முடிச்சாரு, திருப்பிப் பார்த்தாரு. அதோட சரி, அப்புறம் இந்தப் பக்கமே வரலை."

பெரியவர் சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"அழுதாரா?"

"அழறதா? சிரிச்சாரு ஐயா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, சத்தமே வராம, தோள் குலுங்கக் குலுங்க."

பெரியவர் படத்தைத் தூக்கி, மறுபடி தலைகீழாக வைத்தார்.